சோமச்சாறும் கள்ளுக்குடமும்: சோமாசிமாற நாயனார் வரலாறு பற்றிய ஓர் ஆராய்ச்சி

அரசலாற்றின் கரையில், பூந்தோட்டத்திற்கு அண்மையில், அம்பர் என்னும் ஊரும் அம்பர் மாகாளம் என்னும் ஊரும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இரண்டும் திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற பதிகள். பழைய தஞ்சை மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதி இன்று திருவாரூர் மாவட்டத்தைச் சார்ந்துள்ளது. அறுபத்துமூவருள் ஒருவராகிய சோமாசிமாற நாயனார் பிறந்த ஊர் அம்பர். சோமயாஜி என்னும் வடசொல்லே தமிழில் சோமாசி என நின்றது. சோமவேள்வி செய்தவர் என்பது அதன் பொருள். வைகாசித் திங்கள் ஆயிலிய நாளில் அவர் நினைவாக மாகாளத்தில் சோமயாக விழா இன்றும் நடந்து வருகின்றது.

அவ்விழாவிற்கு அடிப்படையான தலக்கதையில் செடிகொடி மரங்களினின்று பெறப்படும் பொருள்கள் மூன்று வருகின்றன. ஒன்று, வேள்வியிற் பிழியப்படும் சோமக்கொடியின் சாறு. மற்றொன்று, நாயனார் சுந்தரர்க்கு நாள்தோறும் கொடுத்துவந்த தூதுவளைக் கீரை. பிறிதொன்று, புலைமகள் வடிவில் வந்த இறைவி தலைமேற் சுமந்த கள். இம்மூன்றனுள் நோய் தீர்ப்பது எது, மயக்குவது எது, இறவாமை தருவது எது என்னும் வினாக்கள் இயல்பாக எழுகின்றன. இவற்றிற்குக் கதையே விடை தருகின்றது என்பது எம் கருத்து. அவ்விடையை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு இன்று ஒரு தேவையும் உண்டு. மனநிலையை மாற்றும் செடிகொடிகளைப் பற்றியும், அவற்றைக் காய்ச்சிப் பருகி நோய் தீர்க்கும் சடங்குகளைப் பற்றியும் உலகெங்கும் ஆர்வம் பெருகியுள்ளது. அவ்வகைப் பானங்களுக்கெல்லாம் பழமையான சான்றாக வேதகாலச் சோமத்தை எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. அதனை ஒப்பினால், சோமவேள்வி நடந்த இடந்தோறும் அத்தகைய பானமும் இருந்தது என்று கொள்ள மனம் விரையும். அம்பரும் அக்கணக்கிற் சேர்ந்துவிடும். இவ்விரைவு இலக்கியத்திற்குப் பொருந்துமா என்பதே பார்க்க வேண்டுவது.

1. சோமம் எனப்பட்டது யாது?

எதிர்க்கட்சியின் வலிமையை முதலில் ஒப்புக்கொள்வது முறை. இருக்கு வேதத்தின் ஒன்பதாம் மண்டலம் 114 பாடல்களால் ஆயது. அது முழுமையும் சோமத்திற்கே உரியது. எட்டாம் மண்டலத்து 48ஆம் பாடலில், சோமத்தைப் பருகியோர் தாம் இறவாநிலை எய்தியதாகவும் ஒளியை அடைந்ததாகவும் கூறிக்கொள்கின்றனர். அம்மண்டலத்து 79ஆம் பாடல் சோமத்தை மருத்துவனாகவே காண்கின்றது. நோயுற்றோரை அது நலமாக்கும் என்றும், அதனாற் குருடரும் காண்பர், முடவரும் நடப்பர் என்றும் அப்பாடல் புகழ்கின்றது. எனவே, சோமம் ஒரு காலத்தில் உள்ளத்தைக் கிளர்த்தும் பானமாகவும் மருந்தாகவும் மதிக்கப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

அது எச்செடி என்பதிலேதான் அறிஞர் மாறுபடுகின்றனர். 1968இல் கார்டன் வாசன் என்பார் அதனைச் செந்நிறத் தலையில் வெண்புள்ளிகளையுடைய ஒருவகை நச்சுக் காளான் என்றார். 1989இல் பிளாட்டரி, சுவார்ட்சு என்னும் இருவர், ஈரானியரின் ஹவோமாவும் இந்தியரின் சோமமும் ஹர்மலா என்னும் வறள்நிலச் செடியே என்றனர். எபிட்ரா என்னும் செடியே என்று கொள்வாரும் உளர். இவற்றுள் ஹர்மலா பற்றிய கருத்து நம் பொருளுக்கு மிக நெருங்கியது. அச்செடியின் விதையில் உள்ள ஹர்மின், ஹர்மலின் என்னும் சத்துக்கள், தென்னமெரிக்காவின் அமேசான் காட்டுத் தொல்குடியினர் காய்ச்சும் அயாவாசுக்கா என்னும் குடிநீருக்குரிய கொடியிலும் உள்ளன. அக்குடிநீரில் கொடியுடன் ஓர் இலையும் சேர்த்துக் காய்ச்சப்படும். இலையின் சத்து மனத்தில் காட்சிகளை எழுப்பவல்லது. எனினும் அதனைத் தனியே உண்டால் குடலில் உள்ள நொதி அதனைச் சிதைத்துவிடும். கொடியின் சத்து அந்நொதியைத் தடுத்து, இலையின் சத்து குருதியிற் கலக்க வழி செய்கின்றது. பூசகன் இரவிற் பாடிக்கொண்டே அதனைத் தான் பருகுவான், நோயாளிக்கும் ஊட்டுவதுண்டு. ஆகவே, அமேசான் கொடியிலிருந்து ஹர்மலாவிற்கும், ஹர்மலாவிலிருந்து சோமத்திற்கும், சோமத்திலிருந்து அம்பருக்கும் ஒரு பாலம் போடுவது எளிதாகத் தோன்றுகின்றது.

இப்பாலத்தின் முற்பகுதி உறுதியுடையதா என்பதை வேத ஆராய்ச்சியாளர்க்கு விடுவோம். பிற்பகுதி உறுதியற்றது என்பதை யாமே கூறலாம். மேற்காட்டிய கருத்துக்கள் யாவும் தொடக்ககாலச் சோமத்தைப் பற்றியன. வேள்வி தன் பழைய நிலத்தை விட்டுப் பெயர்ந்தபோது அச்செடி உடன் வரவில்லை. சோமம் கிடையாவிடத்து வேறு எவ்வெவற்றைப் பிழியலாம் என்று சதபத பிராமணமே வரிசைப்படுத்துகின்றது. அவ்வரிசையில் அறுகும் தருப்பையினத்துக் குசையும் இடம்பெறுகின்றன. புல்லைப் பிழிந்தும் வேள்வியை முடிக்கலாம் என்ற நிலை அந்நாளிலேயே வந்துவிட்டது. தென்னாட்டில் சோமமாகக் கொள்ளப்பட்டது கொடிக்கள்ளி என வழங்கும் சோமக்கொடி. இலையின்றிக் கணுக்கணுவாய்ப் பசுந்தண்டாகப் படர்வது; ஒடித்தாற் பால் வடிவது. 1975 ஏப்ரல் 12 முதல் 24 வரை கேரளத்துப் பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் நிகழ்த்திய அக்னிசயன வேள்வியைப் பிரிட்ஸ் ஸ்டால் என்னும் அறிஞர் விரிவாகப் பதிவு செய்தார். அங்குப் பிழியப்பட்டதும் இக்கொடியே. இது மனத்தை மயக்குவதாக அறியப்பட்டதன்று.

இதனாற் பெறப்படுவது என்னை? பசுவை விலையாகக் கொடுத்துக் கொடியை வாங்குதல், கல்லால் நசுக்குதல், கம்பளிச் சல்லடையில் வடித்தல், காலை நண்பகல் மாலை என முப்பொழுதும் பிழிதல், கிண்ணங்களில் பகிர்ந்து பருகுதல் ஆகிய சடங்குகள் யாவும் நின்றன. மயக்கும் பொருள் மட்டும் நீங்கிற்று. சாற்றின் ஆற்றலே வேள்வியின் உயிராக இருந்திருப்பின், அது நீங்கிய அன்றே வேள்வியும் மறைந்திருக்கும். மறையாமை கொண்டு, வேள்வியின் உயிர் வேறிடத்துக்குப் பெயர்ந்தது எனத் துணியலாம். எவ்விடத்திற்குப் பெயர்ந்தது என்பதைக் காவிரிநாட்டு இலக்கியம் காட்டுகின்றது.

2. சோழநாட்டு வேள்வியும் சங்கப்பாட்டும்

சோழநாட்டில் சோமவேள்வி அம்பர்க்கு முன்பே அறியப்பட்டது. சோணாட்டுப் பூஞ்சாற்றூரைச் சேர்ந்த கௌணியன் விண்ணந்தாயன் என்னும் அந்தணனை ஆவூர் மூலங்கிழார் பாடிய புறப்பாட்டு 166ஆவதாக உள்ளது. இருபத்தொரு துறையாகிய வேள்விகளையும் குறைவின்றி முடித்த குடியிற் பிறந்தவன் அவன் என்கின்றது பாட்டு. சோமவேள்வி ஏழும் அவ்விருபத்தொன்றனுள் அடங்கும்.

அப்பாட்டில் எது பாடப்பட்டுள்ளது, எது பாடப்படவில்லை என்று நோக்குதல் வேண்டும். நீர் நாணுமாறு நெய் சொரிந்தமை பாடப்பட்டுள்ளது. எண்ணிக்கை நாணுமாறு பல வேள்வி வேட்டமை பாடப்பட்டுள்ளது. வேள்வி முடிந்த பெரும்பொழுதில் அவன் விருந்தோம்பி நின்ற நிலையை என்றும் காண்போமாக எனப் புலவர் விழைகின்றார். பின்னர்த் தம் காவிரிப்புனல் பாயும் ஊருக்குச் சென்று உண்டும் ஊர்ந்தும் ஆடி மகிழ்வோம் என்கின்றார். சோமத்தின் சாறு பற்றியோ, அதனைப் பருகினோர் எய்திய நிலை பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. வேள்வியின் சிறப்பைப் புலவர் கண்ட இடம் நெய்யும் விருந்தும் ஆகும். வேட்பவன் என்ன பருகினான் என்பதைக் காட்டிலும், வந்தவர் எங்ஙனம் உண்டனர் என்பதே தமிழ்ப் புலவர் கண்ணுக்குப் பட்டது.

ஒரு பாட்டின் மௌனத்தை மட்டும் சான்றாகக் கொள்ளுதல் தகாது எனலாம். தகாதுதான். ஆயின் அதே மௌனம் பல நூற்றாண்டு கழித்துச் சோமாசி என்றே பெயர் பெற்ற ஒருவர் வரலாற்றிலும் நிற்குமாயின், அதனைத் தற்செயல் என்று தள்ளல் ஆகாது.

3. சேக்கிழார் செய்த மாற்றம்

பன்னிரண்டாம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் இந்நாயனார்க்கு அளித்தவை ஐந்து பாட்டுக்களே. சோமவேள்வியால் பெயர் பெற்றவரைப் பாடப் புகுந்தவர், வேள்வியை முதற்பாட்டில் வைக்கவில்லை. அடியார் வந்தால் அவர் பாதம் பணிந்து ஆரமுது ஊட்டும் நற்பண்பினர் என்றே அவரை முதலில் அறிமுகம் செய்கின்றார்.

ஆரமுது என்ற இச்சொல்லே இவ்வாராய்ச்சிக்கு மையம். வேதத்தில் அம்ருதம் என்பது இறவாமை. சோமத்தைப் பருகுவோர் எய்துவதாகக் கூறுவது அதனையே. தமிழ்ச் சைவ வழக்கில் அமுது என்பது சோறு. அமுது செய்தல் என்றால் உண்ணுதல். திருவமுது என்றால் படைக்கப்படும் உணவு. இது சேக்கிழார் படைத்த வழக்கன்று. அவர்க்கு முன்னரே நிலைபெற்றது. ஆயினும் சோமவேள்வி செய்தவர் ஒருவர் வரலாற்றின் தலைவாயிலில் அச்சொல் வருவதற்குத் தனிப்பொருள் உண்டு. கிண்ணத்தில் இருந்த அமுதம் உண்கலத்திற்கு வந்துவிட்டது. பருகுவோன் பெறும் பேறாக இருந்தது ஊட்டுவோன் செய்யும் தொண்டாகிவிட்டது.

இரண்டாம் பாட்டில் வேள்வி வருகின்றது. அங்கும் கொடியில்லை, சாறில்லை. முறை வழுவாமல், ஏழுலகும் உவக்க, உமைபாகனைப் போற்றும் வேள்வியாக அதனை அவர் செய்தார் என்றும், வாழும் நெறியாவது இறைவன் திருவடியை வாழ்த்துதலே எனக் கொண்டார் என்றும் கூறி அமைகின்றார். மூன்றாம் பாட்டு, எத்தன்மையினராயினும் ஈசனுக்கு அன்பர் என்றால் அவரே தம்மை ஆள்பவர் எனக் கொண்ட அவர்தம் உறுதியைக் கூறும். நான்காம் பாட்டில் அவர் திருவாரூர் சென்று வன்றொண்டராகிய சுந்தரரை அடைகின்றார். ஐந்தாம் பாட்டில் ஐம்புலனையும் அறுவகைக் குற்றத்தையும் வென்று, சுந்தரர் திருவடித் தொண்டினால் பேறு பெறுகின்றார்.

புலன்களை வென்றமையைச் சேக்கிழார் முடிவில் வைத்ததையும் நோக்குக. பானத்தாற் கிளர்ந்த உள்ளத்திற்கு இடங்கொடுக்கும் எண்ணம் அவர்க்கு இருந்திருப்பின், சோமாசி என்னும் பெயரே போதிய வாயிலாக இருந்திருக்கும். அவர் அவ்வாயிலை அடைத்துவிட்டு வேறொன்றைத் திறந்தார். அது மூன்றாம் பாட்டில் உள்ளது.

4. தலக்கதை: கீரையும் குடமும்

மக்கள் வழங்கும் கதை சேக்கிழார் கூறாதவற்றைக் கூறுகின்றது. தம் வேள்விக்குத் திருவாரூர்த் தியாகேசரே நேரில் எழுந்தருளி அவிப்பாகம் ஏற்க வேண்டும் என்று நாயனார் விழைந்தார். அதற்குச் சுந்தரர் துணை வேண்டும். சுந்தரர் தூதுவளைக் கீரையை விரும்பி உண்பார் என அறிந்து, நாள்தோறும் அதனைப் பறித்துச் சென்று பரவையார் மனையிற் கொடுத்து வந்தார். இருமலுக்கு மருந்தாகக் கொடுத்தார் என்பாரும் உளர். சிலநாள் கீரை வாராதிருக்கச் சுந்தரர் வினவி, கொடுத்தவர் இன்னார் என அறிந்து, அவர் விருப்பத்தைத் தியாகேசரிடம் விண்ணப்பித்தார். வருவோம், ஆயின் எவ்வடிவில் வருவோம் எனக் கூறோம் என்ற நிலையில் இறைவன் இசைந்தான்.

வேள்வி நாளில் புலையர் ஒருவர் இறந்த கன்றைத் தோளில் தூக்கிப் பறை முழக்கிக்கொண்டு வந்தார். நான்மறைகள் நான்கு நாய்களாக உடன் வந்தன. மனைவி கள்ளுக்குடத்தைத் தலையிற் சுமந்து வந்தாள். பிள்ளையாரும் முருகரும் சிறுவராக வந்தனர். வேள்வி கெட்டது என்று அந்தணர் ஓடினர். நாயனாரும் அவர் மனைவியாரும் மட்டும் நின்றனர். விநாயகர் அவர்தம் அச்சத்தைத் தீர்த்தார் என்பர். அச்சம் தீர்த்த விநாயகர் என அவர்க்குப் பெயர். வந்தவரை நாயனார் வணங்கி அவிப்பாகம் அளிக்க, இறைவன் தன்னுருக் காட்டினான்.

இக்கதை எங்கிருந்து முளைத்தது? சேக்கிழாரின் மூன்றாம் பாட்டே இதன் வித்து என்பது எம் துணிபு. எத்தன்மையினராயினும் என்று அவர் பொதுவாகக் கூறியதை, அத்தன்மைகளுள் அக்காலத்தார் மிகக் கடையதாகக் கருதியதை நிறுத்திச் சோதித்துப் பார்க்கின்றது தலக்கதை. பாட்டுக் கொள்கையைக் கூறிற்று. கதை அக்கொள்கைக்கு ஒரு தேர்வு வைத்தது.

இக்கதைக்கும் சோமவேள்விச் சடங்கிற்கும் ஓர் ஒப்புமை உண்டு. சோமக்கொடியை விற்பவன் ஒருவன் வேள்விக்களத்தருகே வந்து நிற்பான். பசுவைக் காட்டி அவனோடு பேரம் பேசிக் கொடியை வாங்குவர். பின்னர்க் கொடுத்ததை மீட்டுக்கொண்டு அவனை அடித்துத் துரத்துவதாகச் சடங்கு நூல்கள் விதிக்கின்றன. வேள்விக்கு இன்றியமையாத பொருளைக் கொணர்பவனே வேள்விக்குப் புறத்தே துரத்தப்படுகின்றான். கன்றோடு வந்த புலையரைக் கண்டு வேள்விக்களம் கலைந்தமையை இதனோடு வைத்துப் பார்க்கத் தோன்றும். ஆயினும் ஒப்புமை காட்டுவது வேறு. மூலம் என நாட்டுவது வேறு. இச்சடங்கே கதைக்கு மூலம் என யாம் கூறவில்லை. சடங்கு துரத்துமிடத்தில் கதை வணங்குகின்றது என்ற அளவே கூறுகின்றோம்.

இனிக் குடத்தை நோக்குவோம். கள் இக்கதையில் இழிவின் அடையாளமாக வருகின்றது. காவிரிநாட்டில் அது என்றும் அவ்வாறே இருந்ததன்று. பட்டினப்பாலையில் புகார்ப் பரதவர் நிறைநிலா நாளில் சுறவின் கோட்டை நட்டு அதிலே தெய்வத்தை நிறுவுகின்றனர், தாழைமலர் சூடுகின்றனர், பனங்கள்ளைப் பருகி உண்டு ஆடுகின்றனர். வழிபாடும் கள்ளும் அங்கு ஒன்றாக நிற்கின்றன. அப்பாட்டைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே, தொண்டைநாட்டைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அரிசியிலிருந்து கள் சமைக்கும் முறையை விளக்கியுள்ளார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய கலத்தில் ஆற்றி, புற்றாஞ்சோற்றை ஒத்த அடையைப் பிசைந்து சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் முற்ற விளைவிப்பர் என்பது அது. புறநானூற்றில் அதியமானின் நடுகல்லுக்குச் சிறுகலத்தில் வடித்த கள் படைக்கப்படுகின்றது. ஆகவே, இறைவி தலைமேல் வந்த குடம் இந்நிலத்தின் பழந்தெய்வங்கள் ஏற்ற படையலே. பிற்காலத்துத் தூய்மை நோக்கே அதனை இழிந்த பொருளாக்கிற்று.

இரண்டு பானங்களும் இங்கு எதிரெதிரே நிற்கின்றன. கல்லால் நசுக்கி, கம்பளியில் வடித்து, மந்திரத்தோடு பருகும் சாற்றில் மயக்கம் இல்லை. ஆயினும் அதற்கு அமுதம் என்று பெயர். பாளையிலிருந்து வடிந்த குடத்திலோ மயக்கம் உண்டு. அதற்குத் தீட்டு என்று பெயர். மயக்கமற்ற அமுதத்தை வைத்திருந்தவர், மயக்கும் கள்ளைச் சுமந்து வந்த இறைவியைக் கண்டு ஓடினர். பொருளின் இயல்பு வேறு, பொருளுக்கு இட்ட மதிப்பு வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது. அக்குடத்திலிருந்து எவரும் பருகியதாகவும் கதை கூறவில்லை. சோமத்தால் எவரும் ஒளி பெறவில்லை. கள்ளால் எவரும் கெடவில்லை. இரண்டனையும் ஒதுக்கிவிட்டு, நின்றவர் யார், ஓடியவர் யார் என்பதையே கதை கேட்கின்றது.

மருந்தென்று கூறத்தக்கது மூன்றாம் பொருளாகிய தூதுவளை ஒன்றே. கபத்தையும் இருமலையும் போக்கும் கீரையாகச் சித்த மருத்துவம் அதனைப் போற்றும். வேலியிற் படர்வது, முள்ளுடையது, விலை கொடாமற் பறிக்கலாவது. அதனைப் பறித்தவர் பெரிய வேள்விகளைச் செய்தவர். சமைத்தது பரவையார் மனை. மந்திரமும் இல்லை, களமும் இல்லை. ஆயினும் இறைவனை அம்பருக்கு வரவழைத்தது இக்கீரையே. நோய் தீர்க்கும் பொருளை வேள்விக்களத்தில் வையாது அடுக்களையில் வைத்தது இக்கதையின் நுட்பம்.

5. எழக்கூடிய தடைகள்

வேள்வியை விடுக, தமிழர்க்கே உரிய நோய் தீர்க்கும் சடங்கில் மயக்கும் பானம் இல்லையோ எனின், அதற்குரிய இடம் வெறியாட்டு. தலைவியின் மெலிவு முருகனால் வந்தது எனத் தாய் கருதி வேலனை அழைக்கின்றாள். கழங்கு பார்த்தல், மணல் பரப்பிய களம், மறியை அறுத்தல், பலவேறு நிறச் சோற்றைப் பலியாகப் படைத்தல் ஆகியவற்றைச் சங்கப் பாட்டுக்கள் கூறுகின்றன. நோயுற்றவளுக்கு ஒரு பானத்தை ஊட்டிக் காட்சி காணச் செய்வதாக அவை கூறவில்லை. திருமுருகாற்றுப்படையில் மூங்கிலில் விளைந்த தேனாலாகிய தேறலைப் பருகுவோர் குரவையாடும் குறவர். அது சுற்றத்தோடு கூடி மகிழும் களிப்பு. நோயாளிக்கு வகுத்த மருந்தன்று. வெறி என்னும் சொல்லுக்குக் கள், மயக்கம் என்ற பொருள்கள் அகராதிகளில் உண்டு. மணம், நோய், வேலனாடல் என்ற பொருள்களும் உண்டு. பின்னைய வழக்கை முன்னைய பாட்டில் ஏற்றி வெறியாட்டைக் குடிவெறியாக்குவது பிழையாகும். வெறியாட்டுக்குரிய துறையைத் தொல்காப்பியர் காந்தள் என்றார். காந்தட்கிழங்கு கொல்லும் நஞ்சு உடையது. வேலன் அப்பூவைச் சூடினான் என்பதன்றி, கிழங்கை உண்டான் என்பதற்கு இடமில்லை.

சிவபெருமான் சூடும் ஊமத்தை பற்றியும் இதுவே விடை. அது மனத்தைப் பிறழச் செய்யும் கொடிய நஞ்சுச்செடி என்பது உண்மை. தேவாரம் அப்பூவை இறைவன் சடையிற் காண்கின்றது. அடியார் வாயிற் காணவில்லை. யாவரும் ஒதுக்கும் பூவையும் அவன் ஏற்றான் என்பதே அதன் பொருள்.

மூன்றாவது தடை வலிமையுடையது. மதுவை வழிபாட்டில் பருகிய வாம நெறியினர் தமிழகத்திலும் அறியப்பட்டிருந்தனர். அதற்குச் சான்று அவரைக் கடியும் நூலிலேயே உள்ளது. திருவாவடுதுறையோடு தொடர்புடைய திருமூலரின் திருமந்திரம் முதல் தந்திரத்தில் கள்ளுண்ணாமை என ஒரு பகுதியை வகுத்து, மதுவுண்டு மாளும் வாமத்தாரைக் கண்டிக்கின்றது. எனவே மயக்கும் பானம் சடங்கிற் பயின்றமையை யாம் மறுக்கவில்லை. அக்கண்டனம் எவ்வாறு முடிகின்றது என்பதையே சுட்டுகின்றோம். சிவானந்தமே உண்மையான மது, அது விட்டு நீங்காதது என்று திருமூலர் அதனை உள்ளத்திற்கு மாற்றிவிடுகின்றார். சேக்கிழார் அமுதத்தைச் சோறாக்கினார். திருமூலர் மதுவை ஆனந்தமாக்கினார். வழி இரண்டாயினும், காவிரிநாட்டுச் சைவம் பானத்தினின்று விலகிய திசை ஒன்றே.

6. கதை நின்ற இடம்

இதுகாறும் கூறியவற்றால், அம்பர்ச் சோமவேள்வியை மனமயக்கும் பானத்தால் நோய் தீர்த்த சடங்காகக் கொள்வதற்குச் செடியியலும் இடந்தரவில்லை, இலக்கியமும் இடந்தரவில்லை என்பது பெறப்படும். வேதகாலத்துச் சோமத்தைப் பற்றி அறிஞர் எம்முடிவிற்கு வரினும் இம்முடிவு மாறாது. சாற்றில் இருந்த ஆற்றலை இந்நாட்டார் பந்தியிலும் அடுக்களையிலும் தேடினர். வேள்வி பயன் தருவது எதைப் பருகினோம் என்பதால் அன்று, யாரை ஏற்றோம் என்பதால் என்று அவர் கண்டனர். இஃது ஓர் உயர்ந்த விளக்கம்.

உயர்ந்தது எனக் கூறி அமைந்துவிட்டால் திறனாய்வு பாராட்டுரையாக முடியும். கதை எங்கு நின்றுவிடுகின்றது என்பதையும் கூற வேண்டும். வந்தவர் இறைவனாக இருந்தமையால் நாயனாரின் செயல் சரி என நிறுவப்பட்டது. வந்தவர் புலையரே ஆயிருந்தால்? தம் கன்று இறந்ததனால் அதனைத் தூக்கிவந்த ஓர் உழைப்பாளியாகவே அவர் இருந்து, அவர் மனைவியின் குடத்தில் கள்ளே இருந்திருந்தால், அவிப்பாகம் அவர்க்குக் கிடைத்திருக்குமா? அச்சம் தீர்க்க ஒரு விநாயகர் வேண்டியிருந்தது என்பதே, நாயனாரும் அச்சத்தைக் கடந்து நிற்கவில்லை என்பதைக் காட்டுகின்றது. இறந்த கன்றும் கள்ளும் பறையுமே புலையரின் அடையாளம் எனக் கொண்டதும் களத்தினுள் இருந்தவர் கண்தான். இறந்த மாட்டை அகற்றும் தொழிலை ஊரார் சுமத்தினர்; சுமத்திய பின் அதனையே இழிவாக்கினர்.

இதே காவிரி கொள்ளிட நாட்டில் ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர் திருநாளைப்போவார். அவர் வரலாற்றையும் சேக்கிழாரே பாடினார். தில்லையுள் புகுவதற்கு அவர் தீயில் மூழ்கி, முப்புரிநூல் பூண்ட முனிவராய் எழவேண்டியிருந்தது. இரண்டு வரலாற்றையும் ஒருங்கு வைத்துப் படிக்க வேண்டும். அம்பரில் இறைவன் புலையர் வடிவம் கொண்டு வேள்விக்குள் வந்தான். தில்லையில் புலையர் தம் வடிவத்தை விட்டே கோயிலுக்குள் வந்தார். இறைவனுக்கு இறங்கி வருதல் எளிதாயிற்று. மனிதன் தன் வடிவிலேயே உள்ளே வருதல் கதையில்கூட நிகழவில்லை. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறியது 1947இல். அதற்கு முன் எத்தனையோ வைகாசி ஆயிலியங்கள் கடந்தன. இறைவன் புலையராய் வந்த கதையைக் கேட்டவர், புலையர் வந்தபோது அக்கதையை நினைக்கவில்லை.

இக்குறை கதையைத் தள்ளுவதற்குக் காரணமாகாது. கதையே தனக்கொரு தேர்வை வைத்தது. அத்தேர்வைப் பாதியில் முடித்துக்கொண்டது. மறுபாதி கேட்பவர்க்கு விடப்பட்டுள்ளது. சோமம் எச்செடி என்னும் ஆராய்ச்சி சுவையுடையது; தொடர்ந்து நடைபெறட்டும். ஆயினும் அம்பர்க் கதையைப் படிப்போர் கொடியின் சாற்றை ஆராய்ந்து, குடம் சுமந்து வந்தவளை மறப்பாராயின், அன்று களத்தைவிட்டு ஓடியவர் வரிசையிலேயே தாமும் சேர்ந்தவர் ஆவர்.